2022இலிருந்து புத்தூருக்கு வந்தவன்

எங்கள் ஊர் புத்தூரில் டொக்டர்மார் இருக்கிறார்கள், எஞ்சினியர்மார் இருக்கிறார்கள், லண்டனில் சொந்தக் கடை போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எதிர்காலத்திலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. பட வேண்டிய வெட்கத்தை எல்லாம் ஒரே பின்னேரத்தில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, பட்டு முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது பெருமை மட்டுந்தான்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. ஏ.எல். சோதனை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்தேன். (பல்கலைக்கழகமும் தன்னை யாராவது திறந்து வைக்க விடுவார்களா என்று காத்திருந்த காலம்.) கையில் வேலை இல்லை, தலையில் எண்ணம் நிறைய. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பொடியனை ஊர்கள் கட்டி வைக்க வேண்டும். எங்கள் ஊர் என்னை வாசிகசாலைச் செயலாளர் ஆக்கியது.

அந்த நாட்களில் யுத்தத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எதுவும் ஒழுங்காக வராது. கரண்ட் போய், அது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை எழுப்புகிற கெட்டித்தனம் மண்ணெண்ணெய்க்குக் கிடையாது. முதலில் காபுரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்ப வேண்டும். சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும் இதே வைத்தியம்தான். ஆகவே வெங்காயம் வைத்த ஒவ்வொரு வீட்டிலும் எங்கேயோ ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருந்தது. கட்டின பெண்சாதிக்கும் அந்த இடம் தெரியாது. வாய்விட்டுக் கேட்டால், "பெற்றோலோ? அதைக் கண்டு எவ்வளவு காலம்!" என்று பெருமூச்சு விடுவார்கள்.

என் அக்கா ராணி அப்போது நிறைமாதம். அத்தானிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. அதை வாடகை ஹயருக்கு ஓட்டித்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது. அத்தான் அதிகம் கதைக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய தாயார் கதைப்பார். பூமணி மாமி. ஊரில் கோயில் மணிக்கு அடுத்தபடி தூரத்துக்குக் கேட்பது மாமியின் குரல்தான். அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அன்றைக்குக் காரை எழுப்புவதற்கென்று, மாமி ஒரு இருமல் மருந்துப் போத்தலில் பெற்றோல் சேர்த்து, கழுத்தில் சிவப்புத் துணித்துண்டு கட்டி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். வீட்டில் அதற்குப் பெயர் பிள்ளைப்பேற்றுப் பெற்றோல். அத்தான் ஹயருக்குக்கூட அதைத் தொட முடியாது. அந்தப் பூட்டின் திறப்பு மாமியின் இடுப்பில் தொங்கியது.

இந்த நிலைமையில்தான் வாசிகசாலை ஆண்டு விழா வந்தது. நான் ஒரு நாடகம் எழுதினேன். இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு மனிதன் புத்தூருக்கு வருகிறான். அவனுடைய காலம் பொற்காலம். எங்கள் நிலையைக் கண்டு மனம் நொந்து கண்ணீர் விடுகிறான். அவ்வளவுதான் கதை. எழுத்து நான், நெறியாள்கை நான், கதாநாயகன் நான். விழா பகலில் நடந்ததால் ஒளியமைப்பை மட்டும் சூரியனிடம் விட்டிருந்தேன்.

ஒத்திகை பார்க்க வந்த மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"முப்பது வருசம் கழிச்சு வாறவன் எங்களைப் பாத்து ஏன்ரா அழவேணும்? நாங்கள் என்ன செத்தே போனம்?"

"மாமி, அது குறியீடு."

"குறியோ, கோடோ. வீட்டுக்கு வாற மனிசன் ஒரு வாய் தண்ணியைக் குடிச்சிட்டு, எப்பிடி இருக்கிறியள் எண்டு கேக்கிறதை விட்டிட்டு, வந்த உடனை ஒப்பாரி வைக்கிறதோ? உது மரியாதை இல்லை."

கலையை விளங்காத சனம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். (மாமிக்குக் கேட்கும்படி சொல்லுமளவுக்கு எனக்குத் துணிவு இருந்ததில்லை.)

எதிர்கால மனிதனின் உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா நல்ல காலத்தில் சேர்த்து வைத்திருந்த பால்மாப் பைக்கற்றுகளை வெட்டி விரித்து, உள்ளே இருந்த வெள்ளிப் பக்கம் வெளியே தெரியத் தைத்துப் போட்டேன். மினுங்கியது என்றால் அப்படி ஒரு மினுக்கம். மாமி கண்டுவிட்டு, "உதைப் போட்டுக்கொண்டு வெளியிலை நிக்காதை, பிளேனிலை வாற பொம்மர்க்காரன் கண்டாலும் காணுவான்" என்றார். எதிர்கால மனிதன் எங்கள் அசுத்தக் காற்றைச் சுவாசிக்கமாட்டான் அல்லவா, அதற்காகத் தலையைச் சுற்றி ஒரு பொலித்தீன் உறை. கழுத்தோடு வைத்துத் தைத்தாயிற்று. (உச்சியில் ஓட்டை விட்டிருந்தேன். கலைக்காக உயிரை விடுகிற அளவுக்குக் கலைஞன் இல்லை.)

காலம் தாண்டி வரும் வாகனமாக அத்தானின் கார். எஞ்சினை எழுப்பத் தேவையில்லை. எதிர்கால வாகனம் சத்தமே போடாது என்பது என் ஏற்பாடு. வாசிகசாலைக்குப் பின்னாலிருந்து கரப்பந்து விளையாடும் பெடியள் நாலுபேர் குனிந்து தள்ளிக்கொண்டு வருவார்கள். சொட்டுப் பெற்றோல் செலவில்லை. இந்த யோசனைக்காக அத்தானே என்னை வாய் திறந்து பாராட்டினார். "பரவாயில்லை" என்றார்.

நாடகத்தின் உச்சக் காட்சிக்கு ஒரு போத்தல் தேவைப்பட்டது. எதிர்கால மனிதன் தன் காலத்து அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பண்டைய திரவத்தைக் கொண்டுவந்திருப்பான். "பெற்றோல் எனப்படும் இதற்காகவா நீங்கள் ஏங்குகிறீர்கள்?" என்று கேட்டு, நிலத்தில் ஊற்றிவிடுவான். அதற்காக ஒரு இருமல் மருந்துப் போத்தலில் சாயம் கட்டின தேத்தண்ணி நிரப்பினேன். நிறம் பெற்றோலைப் போலவே வரவேண்டும் என்று தேயிலையைக் கூட்டியும் குறைத்தும் ஒரு காலை முழுக்கப் பாடுபட்டேன். நானே மயங்குகிற அளவுக்கு நிறம் வந்தது. அதைக் காரின் முன் இருக்கைக்கு எதிரே இருந்த லாச்சிக்குள் வைத்தேன்.

விழா அன்றைக்கு அக்காவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். "என்ரை தம்பியின்ரை நாடகம். நான் பாக்காமல் ஆர் பாக்கிறது?" மாமி ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: பெற்றோல் போத்தலும் கூட வரும். எங்கே திடீரென்று தேவைப்பட்டாலும் கார் அருகில் இருக்கவேண்டும், போத்தல் காரில் இருக்கவேண்டும். அத்தான் அதை வாங்கிக்கொண்டு போய்க் காரின் லாச்சிக்குள் வைத்தார். அத்தான் அதிகம் கதைக்கமாட்டார் என்று முதலே சொன்னேன். இதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் வாசிகசாலை முற்றத்தில் ஊர் நிரம்பி இருந்தது. கதிரைகள் பெரியவர்களுக்கு, பாய் பிள்ளைகளுக்கு. முன்வரிசையில் மாமியும் அக்காவும். ஒருவர் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து ரேடியோ பாடியது. அந்த இசையோடு கார் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது. சத்தமே இல்லை. எனக்கு உடம்பு புல்லரித்தது. (பாதி புல்லரிப்பு எறும்பு. பால்மாப் பைக்கற்றின் மூலைகளில் மிச்சம் இருந்த மாவை அவை கண்டுபிடித்துவிட்டன.)

"எதிர்காலத்திலையும் தள்ளித்தான் ஓட்ட வேணுமோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சனம் சிரித்தது. நான் அசரவில்லை. லாச்சியைத் திறந்து கைக்கு அகப்பட்ட போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெயிலும் வேர்வையும் சேர்ந்து பொலித்தீனுக்குள் பனிப்புகார் பிடித்திருந்தது. அதன் கழுத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணி என்ன, போத்தலே எனக்குப் பாதிதான் தெரிந்தது.

"மானிடர்களே, அஞ்சற்க! நான் இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டிலிருந்து வருகிறேன்!"

"சாப்பிட்டிட்டு வந்தனியோ?" என்றது அதே குரல்.

"எங்கள் காலத்தில் மின்சாரம் ஒரு கணமும் நின்றதில்லை! எங்கள் காலத்தில் எவரும் எதற்காகவும் வரிசையில் நிற்பதில்லை! எங்கள் காலத்தில் எந்த வாகனத்துக்கும் பெற்றோல் தேவையில்லை!"

நல்ல கைதட்டல். அந்தக் கைதட்டலில் எனக்குத் தலை ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. போத்தலை உயர்த்தி, மூடியைத் திருகி, "இதற்காகவா ஏங்குகிறீர்கள், ஏழை மானிடர்களே!" என்று கண்ணீர்க் குரலில் கேட்டுவிட்டு ஊற்றத் தொடங்கினேன்.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் சனத்தின் மூக்கைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும். அடுத்த ஒழுங்கையில் ஒருவர் பெற்றோல் போத்தலின் மூடியைத் தளர்த்தினால் இந்த ஒழுங்கையில் கதைப்பது நின்றுவிடும். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான மூக்குகளுக்கு முன்னால் நான் பெற்றோலைச் செம்மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மணக்காத ஒரே மூக்கு பொலித்தீனுக்குள் இருந்த என்னுடையதுதான்.

முற்றம் அப்படியே உறைந்தது. ரேடியோக்காரர் சுற்றுவதை விட்டுவிட்டார் போலும், இசை இழுபட்டு இழுபட்டு அடங்கியது. பிறகு "ஐயோ!" என்று ஒரு ஒலி ஊர் முழுவதும் ஒரே வாயாக எழுந்தது. நடிப்பு என்றால் இதுதான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவர்கள் இன்னும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று ஊற்றுவதை மெதுவாக்கினேன். இரண்டாவது வரிசையிலிருந்த சின்னத்துரையண்ணை, எங்கள் ஊரின் பெரிய வெங்காயக்காரர், பாய்ந்து வந்து முழங்காலில் நின்று போத்தலுக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தினார். நாடகத்தில் அப்படி ஒரு பாத்திரம் இல்லை. ஆனாலும் என்ன உணர்ச்சி என்று மெச்சிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை உதறி ஊற்றினேன். அதுவும் அவர் கைக்கு வெளியே.

சின்னத்துரையண்ணை கையை மூக்கில் வைத்து மணந்து பார்த்துக் கத்தினார்:

"டேய், இது உண்மையான சாமானடா!"

மாமி எழும்பினார். "உது என்ரை போத்தல்! சிவப்புத்துணி கட்டின போத்தல்! எடேய் விசரா, அது ராணியின்ரை பிள்ளைப்பேத்துப் பெற்றோலடா!"

பொலித்தீனுக்குள் எனக்குக் கேட்டது 'பெற்றோல்' என்ற ஒரு சொல் மட்டுந்தான். மாமியும் கதைக்குள் வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கலைஞன் தடுமாறக்கூடாது.

"தாயே, கலங்கற்க! எங்கள் காலத்தில் இது தேவையில்லை!"

"உன்ரை காலத்துக்கு நெருப்பு வைக்க! இந்தக் காலத்திலை தேவையடா!"

முற்றம் சிரிப்பால் அதிர்ந்தது. அக்கா கதிரையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வயிற்றைப் பிடித்த கை எடுபடவில்லை.

"இஞ்சாருங்கோ," என்று அத்தானைக் கூப்பிட்டார். "எனக்கு நோ தொடங்கீட்டுது."

(சிரித்துச் சிரித்துத்தான் நோ வந்தது என்பது அக்காவின் கட்சி. பெற்றோல் போன அதிர்ச்சியில் வந்தது என்பது மாமியின் கட்சி. இந்த வழக்கு இன்றைக்கும் தீரவில்லை.)

அவ்வளவு சனமும் கதிரையையும் பாயையும் விட்டு எழும்பியது. முதல் பிள்ளை. ஆஸ்பத்திரி கிட்டத்தில் இல்லை. கார் குளிர்ந்து கிடக்கிறது. அத்தான் ஓடிப்போய் லாச்சியைத் திறந்தார். "ஆ! கிடக்கு! போத்தல் கிடக்கு!" என்று தூக்கிக் காட்டினார். ஊரே மூச்சு விட்டது.

எனக்கு மட்டும் மூச்சு நின்றது. புகாருக்குள்ளாலே அத்தானின் கையில் என் போத்தலைக் கண்ட அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. "அத்தான், வேண்டாம்! அது தேத்தண்ணி!" என்று உயிர்போகக் கத்தினேன். வெளியே என்ன கேட்டதோ தெரியாது. "காணும்ரா, உன்ரை நாடகம் முடிஞ்சுது!" என்று யாரோ என்னைப் பிடித்து இழுத்தார்கள். அத்தான் பொனற்றைத் திறந்து, நான் ஒரு காலை முழுக்க நிறம் பார்த்துப் போட்ட தேத்தண்ணியைக் காபுரேற்றருக்குள் பக்குவமாக ஊற்றினார். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். கார் ஒருமுறை விக்கியது. பிறகு அதுவும் இல்லை.

நான் துள்ளின துள்ளலைக் கண்டு மாமிதான் ஏதோ விளங்கி வந்து பொலித்தீனைக் கிழித்தார். முகத்தில் காற்றுப் பட்டது. கூடவே பெற்றோல் மணம். அப்படி ஒரு மணத்தை வாழ்க்கையில் நான் மணந்ததில்லை.

"மாமி, அது தேத்தண்ணி. சாயம் கட்டின தேத்தண்ணி."

மாமி என்னை அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். மாமியோ ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சீனி போட்டனியோ?"

"சீனிக்கு எங்கை மாமி போறது?"

"அப்ப எஞ்சின் தப்பியிட்டுது," என்றார் மாமி. "டேய் பெடியள், கழட்டித் துடையுங்கோ!"

சீனி இருந்திருந்தால் அந்தக் கார் அன்றோடு முடிந்திருக்கும். எங்களுக்குச் சீனி வராமல் தடுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய இடம் வாழ்க்கையில் அந்த ஒன்றுதான்.

காரைத் தள்ளிவந்த பெடியளே காபுரேற்றரைக் கழற்றினார்கள். ஒருவன் வேட்டித் தலைப்பால் துடைத்தான், மற்றவன் வாயால் ஊதினான். தேத்தண்ணி போயிற்று. ஆனால் பெற்றோல்? அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மாமியின் தோளைப் பிடித்திருந்தார். அத்தான் கூட்டத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத மனிதர். நான் அந்த வெள்ளி உடுப்போடு, காலடியில் ஈரம் காயாத மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தபோது கண்ணால் நீர் ஓடத் தொடங்கியது. அது நடிப்பில்லை.

அப்போது சின்னத்துரையண்ணை திரும்பி நின்று, வேட்டி மடிப்புக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார். ஒரு கண் மருந்துப் போத்தல்.

"நாளைக்கு இறைப்புக்கு வைச்சது," என்றார். "வெங்காயம் ஒரு நாள் தாகத்தோடை நிக்கட்டும். பிள்ளை நிக்காது."

அவர் எடுத்ததுதான் தாமதம். அடுத்தவர் சைக்கிள் இருக்கைக்குக் கீழேயிருந்து ஒரு வாசனைச் சென்ற் போத்தலை இழுத்தார். ஒரு இளந்தாய் கைப்பைக்குள்ளிருந்து பிள்ளையின் மருந்துப் போத்தலை எடுத்தார். வாசிகசாலைத் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார், ஊருக்கே உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தவர், சட்டைப் பையிலிருந்து மைப் போத்தலை எடுத்துக் கூச்சத்தோடு நீட்டினார். வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் ஓடினார்கள். எத்தனை மாதமாகப் "பெற்றோலோ, அதைக் கண்டு எவ்வளவு காலம்" என்று பெருமூச்சு விட்ட சனம்! ஒவ்வொருவரும் விட்ட சில சொட்டுகளை, நான் வெறுமையாக்கின அதே சிவப்புத்துணிப் போத்தலுக்குள் மாமி ஏந்தினார். அது நிரம்பியது. முதல் இருந்ததைவிடக் கூட.

"நல்ல சனமடா!" என்றார் மாமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாரும் மடிக்குள்ளை வைச்சுக்கொண்டுதான் இல்லை இல்லையெண்டு திரிஞ்சனியள்!"

அழுதுகொண்டே சிரித்தோம். கார் இரண்டாவது சுற்றில் எழும்பியது. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, எதிர்கால வாகனம் கடைசியில் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு ஊர் தட்டிய கைதட்டல் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

துடைத்துப் பூட்டின அவசரத்தில் எஞ்சின் அடிக்கடி அடங்கப் பார்த்தது. யாராவது ஒருவர் போகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விடவேண்டும். "ஊத்தத் தெரிஞ்சவன் ஏறட்டும்," என்றார் மாமி. பொனற்றைக் கழற்றி வைத்துவிட்டு, முன் சில்லுக்கு மேலிருந்த மட்காட்டில் என்னை இருத்தி, கையில் ஊசிமருந்துச் சிறிஞ்சைத் தந்தார்கள். அக்காவும் மாமியும் பின்னால். இப்படியாக, உடம்பெல்லாம் வெள்ளி மினுங்க, உள்ளே எறும்பு கடிக்க, நான் பருத்தித்துறை றோட்டு வழியே ஒரு திறந்த எஞ்சினுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு போனேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் என்னைக் கண்டு சைக்கிளோடு வேலிக்குள் போனார். அவரிடம் இந்தக் கட்டுரை மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு ஓடிவந்து, அக்காவை விட்டுவிட்டு என்னைப் பிடித்து அதில் கிடத்தினார்கள்.

"எரிகாயமோ தம்பி? ஆர் இந்த வெள்ளித்தாளைச் சுத்திவிட்டது?"

"எனக்கில்லை, அக்காவுக்கு."

"அக்காவுக்கும் எரிகாயமோ?"

மாமி போட்ட ஒரு சத்தத்தில் எல்லாம் சரியானது. அக்கா உள்ளே போனார். அத்தான் வாசலில் நின்றார். நான் சுவரோரம் குந்தியிருந்து, என்னை வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் எந்த விளக்கமும் கொடுக்காமல், தெரிந்த கடவுள்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். இருட்ட முன் பிள்ளை பிறந்துவிட்டது. பெட்டைப்பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். மாமி அதை என் கையில் தந்தார். வெள்ளி உடுப்பு சரசரத்ததில் அது கண்ணை விழித்து என்னைப் பார்த்தது. உலகத்தில் அது கண்ட முதல் மாமன் அந்தக் கோலத்தில்.

"பாத்தியோடா, இதுதான் வாற காலத்திலையிருந்து வந்திருக்கிற ஆள்," என்றார் மாமி. "வந்த உடனை எங்களைப் பாத்து அழுதுதோ? இல்லை. பேசாமல் பாத்துக்கொண்டு கிடக்குது."

அந்தப் பிள்ளைக்குப் பதிவில் ஒரு நீளமான பெயர் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அவள் துளி. சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கொண்டுபோய்ப் பெற்ற பிள்ளை என்று சின்னத்துரையண்ணை வைத்த பெயர். அடுத்த நாள் ஊரில் பல தோட்டங்களில் மெசின் சத்தம் கேட்கவில்லை. வாளியால் அள்ளி இறைத்தார்கள். நான் ஒவ்வொரு தோட்டமாகப் போய்க் கூட இறைத்தேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. "இருபத்திரண்டு வந்திருக்கு, வாளியைக் குடு" என்றார்கள். அன்றிலிருந்து எனக்கும் அதுதான் பெயர். அந்த ஏழை மானிடர்களுக்காகக் கண்ணீர் விடத்தான் நான் எதிர்காலத்திலிருந்து வந்தேன். அவர்களுள் ஒருவனாகப் பிறந்த திமிர் எனக்கு இன்றுவரை இறங்கவில்லை.

அந்த நாடகத்தை ஊர் மறக்கவில்லை. நான் கொடுத்த வாக்குறுதிகளையும் மறக்கவில்லை. பிறகு கரண்ட் வந்தது. வந்த கரண்ட் எப்போது நின்றாலும் அக்கா எனக்குப் போன் எடுத்து, "உன்ரை காலத்திலை ஒரு கணமும் நிக்காதெண்டாய், பிறகென்ன?" என்பார். நானும், "பொறு அக்கா, இன்னும் என்ரை காலம் வரேல்லை" என்று தவணை சொல்லிக்கொண்டே வந்தேன்.

கடைசியில் என் காலம் வந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு.

நாடு முழுக்கப் பெற்றோல் இல்லை. கரண்ட் மணிக்கணக்கில் இல்லை. தலை நரைத்த நான், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முனை தெரியாத ஒரு வரிசையில் வெயிலுக்குள் நின்றேன். துளி சைக்கிளில் வேலைக்குப் போகிற வழியில் என்னைக் கண்டு மணி அடித்தாள். "மாமா, எந்த வாகனத்துக்கும் பெற்றோல் தேவையில்லையெண்டு சொன்னனீங்களாமே! சரியாத்தான் இருக்கு!" என்று சிரித்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்றவர்கள் காரணம் கேட்க, நான் முழுக் கதையையும் சொன்னேன். வரிசை ஒரு அடியும் நகரவில்லை. சிரிப்பு மட்டும் அதன் முனைவரைக்கும் போய் வந்தது.

அப்போது போன் அடித்தது. பூமணி மாமி. வயது ஏறியிருந்தது, குரல் இறங்கவில்லை.

"எங்கை நிக்கிறாய்?"

"பெற்றோல் வரிசையிலை மாமி."

"விசரா, வெயிலுக்குள்ளை நிண்டு காயாதை. வீட்டை வா. அலுமாரிக்குள்ளை ஒரு போத்தல் கிடக்கு. துளி பிறந்த அண்டையிலையிருந்து நான் அந்த அலுமாரியை வெறுமையா விட்டதில்லை."

மோட்டார் சைக்கிளை வரிசையிலிருந்து திருப்பினேன். "வாறன் மாமி" என்றேன்.

"வா. ஆனால் போத்தலை உன்ரை கையிலை தரமாட்டன். துளியின்ரை கையிலை குடுத்துத்தான் ஊத்துவிப்பன்."